நடு ஆற்றுத் தண்ணீர்

திருநெல்வேலி சந்திப்பில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் என்னிடம் ஆங்கிலத்தில், "ஹோட்டல், மேடம்?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் பெட்டியும் முதுகுப்பையுமாகப் பதின்மூன்று வெளிநாட்டுக்காரர்கள் நின்றார்கள், ஆகவே அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் சுருக்கென்றது. "அண்ணாச்சி, நான் சேரன்மகாதேவிக்காரி" என்றேன். "அப்படியாம்மா, சரி" என்றுவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். நான் எதிர்பார்த்தது இன்னும் கொஞ்சம் அதிகம். யார் வீடு, எந்தத் தெரு என்று அவர் கேட்பார், நான் சொல்வேன், அவருக்கு அப்பாவைத் தெரிந்திருக்கும் என்றெல்லாம் ரயிலில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

நான் டென்மார்க்கில் காற்றாலை இறக்கைகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். கயிற்றில் தொங்கி வேலை செய்த முட்டி இப்போது ஒத்துழைப்பதில்லை என்பதால், தொங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஊரை விட்டுப் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அப்பா அம்மா போய்விட்டார்கள், வீட்டை விற்றாயிற்று, அண்ணன் சென்னையில். அதனால் ஊருக்கு வர ஒரு காரணம் கிடைக்காமலே இருந்தது. பல நாட்டுப் பழுதுபார்ப்பவர்களும் கூடிப் பேசும் பதினெட்டு நாள் கூட்டத்தை இந்த வருடம் கங்கைகொண்டானிலும் வள்ளியூரிலும் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, மேசையில் எல்லோருக்கும் முந்தி என் கைதான் உயர்ந்தது. தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான், எனவே மொழிபெயர்ப்பும் என் தலையில்.

எங்கள் தலைவி மெட்டே. உயரமானவள், எதையும் எழுதி வைத்துச் செய்கிறவள். முதல் நாள் காலை ஓட்டலில் அவள் ஒரு தாள் கொடுத்தாள். மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர்தான் குடிக்க வேண்டும், பல் தேய்க்கவும் அதுதான், ஐஸ் கூடாது, நறுக்கி வைத்த பழம் கூடாது. அதைத் தமிழில் எழுதிச் சமையல் பொறுப்பாளருக்குத் தரும்படி சொன்னாள். நானும் அழகாக எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் எனக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சமையல் பொறுப்பாளர் செண்பகம். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நான் வெளிநாடு போனபின் இரண்டு வருடம் கடிதம் எழுதினாள், பதில் போடுவதை நிறுத்தியவள் நான்தான். இப்போது பாளையங்கோட்டையில் ஆறு பெண்களை வைத்துக்கொண்டு விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறாள். இந்தக் கூட்டத்துக்கு அவள் பெயரைச் சொன்னது நான். கங்கைகொண்டானில் எங்கள் கம்பெனி வகுப்பு நடத்தும் கொட்டகைக்கு நிரந்தரமாக ஒரு கான்டீன் வரப்போகிறது. யாருக்கு என்று கூட்டம் முடியும்போது மெட்டே முடிவு செய்வாள். அது கிடைத்தால் செண்பகத்துக்கும் அந்த ஆறு பெண்களுக்கும் முகூர்த்த நாட்களை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை.

பத்தொன்பது வருடம் கழித்துப் பார்த்ததும் அவள் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "மெலிஞ்சு போய்ட்டியேட்டி கோமு. சாப்ட்டியா?" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் யாரையோ தேங்காய் திருகச் சொல்லிப் போய்விட்டாள்.

முதல் சில நாட்கள் கங்கைகொண்டானில் வகுப்பு. சாப்பாட்டு நேரத்துக்காகவே நான் வகுப்பெடுத்தேன் என்று சொன்னால் மிகையில்லை. சொதி வைத்தாள் ஒரு நாள், கூடவே இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப்பாலில் காய்கறி மிதக்கும் அந்தக் குழம்பை போர்ச்சுகல்காரன் ரூயி மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டு, "எங்கள் ஊரில் இதை மீன் இல்லாமல் செய்ய யாருக்கும் தைரியம் வராது" என்றான். மெட்டே சமையல்கூடத்துக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். தண்ணீர் கேன்களின் சீல், கொதிக்க வைத்த நேரம் எழுதிய அட்டை, தலையில் துணி கட்டிய பெண்கள். "என் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையே இவ்வளவு ஒழுங்கில்லை" என்றாள். செண்பகத்திடம் அதைச் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள், ஆனால் காது வரை சிவந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எல்லோரையும் ஆற்றுக்குக் கூட்டிப் போகலாம் என்று கேட்டு வாங்கியது நான். சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் தள்ளி, மருத மரம் நிழல் விரித்த ஒரு படித்துறை. தைப்பொங்கல் முடிந்த வாரம், ஆற்றில் தண்ணீர் நன்றாகவே ஓடியது. கரையிலேயே அடுப்புக் கூட்டிச் செண்பகம் கூட்டாஞ்சோறு கிளறினாள். முருங்கைக்கீரையும் மாங்காயும் வேகும் மணத்தில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வெள்ளைக்காரர்கள் முதலில் கால் நனைத்தார்கள், பிறகு கழுத்தளவு இறங்கிவிட்டார்கள்.

குளித்து ஏறுகிறவர்களுக்குப் பானக்காரம் கொடுப்பதாக ஏற்பாடு. கருப்பட்டி, சுக்கு, ஏலம், எலுமிச்சை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுச் செண்பகம் தண்ணீர் கேனின் மூடியைத் திருகப் போனாள்.

"என்னட்டி, ஆறு இங்கன ஓடுது, நீ கேனைத் தொறக்க?" என்றேன்.

"அவியளுக்கு ஒத்துக்கிடாதுட்டி. அந்தம்மா எழுதிக் குடுத்திருக்காவல்லா."

"நம்ம குடிச்சு வளந்த தண்ணிதான? ஓட்டத் தண்ணி ஒண்ணும் செய்யாது."

"அது அப்போ. இப்ப மேல எத்தன ஊர்ச் சாக்கட விழுது, உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாதுதான். தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. டென்மார்க்கில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம், குற்றம் சொல்ல முடியாத தண்ணீர். ஆனால் பத்தொன்பது வருடமாக ஒரு தம்ளர் குடித்துவிட்டு 'அப்பாடா' என்று நான் சொன்னதில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி இறங்கிவிட்டேன்.

எங்கள் பக்கம் குடிதண்ணீர் எடுக்க ஒரு முறை உண்டு. கரையோரம் மொள்ளக் கூடாது. நடு ஆறு வரை போய், ஓட்டத்தைப் பார்த்து நின்று, குடத்தின் விளிம்பால் மேல்தண்ணீரை மூன்று தடவை தள்ளிவிட்டுப் பிறகு அமுக்க வேண்டும். குடத்தின் வாயில் நான்காக மடித்த துணி. இதைச் செய்தால் தண்ணீர் சுத்தம் என்பது அம்மா காலத்து முடிவு, அதை யாரும் மறுபரிசீலனை செய்ததில்லை. இடுப்பில் குடத்தோடு நான் திரும்பி வரும்போது கரையேறியிருந்தவர்கள் எல்லோரும் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

மெட்டே மட்டும் கேட்டாள், "இது பாதுகாப்பானதுதானே?"

"நான் இதைக் குடித்துத்தான் வளர்ந்தேன்" என்றேன். அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

செண்பகம் கேனின் மூடியைத் திரும்ப இறுக்கிவிட்டு என் கையிலிருந்து குடத்தை வாங்கிக் கருப்பட்டி மேல் ஊற்றினாள். முதல் தம்ளரை நான் குடித்தேன். தொண்டையில் இறங்கியபோது அழுகை வந்துவிட்டது. முகம் கழுவுகிற மாதிரி ஆற்றில் குனிந்துகொண்டேன். மெட்டே இரண்டு தம்ளர் குடித்தாள், மற்றவர்களும் குளித்து ஏறி ஏறி வந்து வாங்கிக் குடித்தார்கள். செண்பகமும் அவளுடைய பெண்களும் வேன் ஓட்டுநர் இசக்கி அண்ணனும் மிச்சத்தைக் குடித்தார்கள். அந்தப் பதினெட்டு நாளில் நான் சந்தோஷமாக இருந்த நாள் எது என்றால் அதுதான்.

மறுநாள் வள்ளியூருக்கு இடம் மாறினோம். நெல்வயல் தீர்ந்து பனங்காடும் செம்மண்ணும் வந்தன. அந்தப் பக்கத்தில் காற்றாலையைக் காத்தாடி என்பார்கள். ஆடு மேய்க்கிறவரிடம் வழி கேட்டால், "மூணாவது காத்தாடில இடது பக்கம் திரும்புங்க" என்கிறார். சாத்தான்குளம் சாலையில் கருப்பட்டிக் காப்பி குடித்தோம். கடைக்காரர் என்னிடம், "நல்லா தமிழ் பேசுதியளே, எங்க படிச்சிய?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அந்தக் காப்பியை நான் முழுக்கக் குடிக்கவில்லை.

ஆற்றுக்குப் போய் ஒரு வாரம் கழிந்த திங்கட்கிழமை அது தொடங்கியது. ரூயி எண்பது மீட்டர் உயரத்தில் இறக்கையோடு கட்டுண்டு தொங்கிக்கொண்டிருந்தான். வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது. "கோமதி, எனக்குக் கீழே வர வேண்டும்."

"விரிசலைப் பார்த்தாயா?"

"விரிசல் இருக்கட்டும். எனக்கு இப்போதே கீழே வர வேண்டும்."

அந்தக் கயிற்றில் அவசரமாக இறங்க வழியில்லை. விதிப்படி ஒவ்வொரு கொக்கியாகக் கழற்ற வேண்டும், அந்த விதிகளை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவன் தரையைத் தொட்டபோது நேரம் கடந்திருந்தது. உள்ளூர்த் தொழிலாளிகள் இரண்டு பேரும் சட்டென்று திரும்பி, தூரத்தில் மேய்ந்த ஆடுகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்கள். அதில் ஒருவர் பிறகு தன் லுங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலை நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. திருநெல்வேலிக்கு டாக்டரிடம் கூட்டிப் போகும் வழியில், நாங்குநேரி தாண்டியதும் மெட்டே என் தோளைப் பிடித்து, "நிறுத்தச் சொல்" என்றாள். பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. இசக்கி அண்ணன் யோசிக்காமல் ஒரு வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார். உள்ளே பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு அக்கா மடித்தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். நான் வாயைத் திறக்குமுன்னே மெட்டேயின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"பின்னால அங்கன இருக்கு. பைய போகச் சொல்லுங்க, படி வழுக்கும்."

மெட்டே அங்கே வெகுநேரம் இருந்தாள். அவள் வந்ததும் அந்த அக்கா உப்பும் சீனியும் போட்டுக் கலக்கிய தண்ணீரை நீட்டினார். மெட்டே தம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அவருக்கு வணக்கம் சொல்லித் தலையை அசைத்து மறுத்தாள். வேனில் ஏறியபின், "அவர் பெயர் என்ன?" என்று கேட்டாள். நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

அதற்குள் எட்டுப் பேர் படுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த இரண்டு நாளும் எனக்குள் ஒரு பெருமை ஓடிக்கொண்டிருந்தது. மருந்து வாங்கினேன், மோர் கரைத்துக் கொடுத்தேன், வாளி தூக்கினேன். "எனக்கு ஒண்ணும் செய்யலை, பாத்தியளா?" என்று இசக்கி அண்ணனிடம் சொன்னேன். "நீங்க இந்த ஊருல்லா" என்றார். ரயிலடியில் கிடைக்காதது கிடைத்துவிட்டது என்று அன்று முழுக்க அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அழுகிய முட்டை நாற்றத்தில் ஒரு ஏப்பம் வந்தது. பிறகு நடந்ததை விவரிக்கப் போவதில்லை.

டாக்டர் அம்மா சின்ன வயது, களைத்த முகம். சோதனை முடிவு வந்திருந்தது. குடலில் ஒட்டிக்கொள்ளும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி. எல்லோரையும் தாளில் இரண்டு வரிசையாக எழுதியிருந்தார், உள்ளூர், வெளியூர் என்று. பயணிகள் பதினான்கு பேரில் பதினொரு பேருக்கு நோய். உள்ளூர் வரிசையில் ஒருவருக்குக்கூட இல்லை. என் பெயர் வெளியூர் வரிசையில் இருந்தது.

"டாக்டர், நான் இந்த ஊர்" என்றேன்.

"எத்தன வருசமா வெளியில இருக்கீங்க?"

சொன்னேன்.

"இங்கனயே இருக்கவங்களுக்கு அடிக்கடி வந்து வந்து கொஞ்சம் பழகியிருக்கும். உங்களுக்கு அது எப்பமோ போயிருக்கும். வயித்துக்கு நீங்க எங்க பிறந்தீங்கன்னு தெரியாதுல்லா" என்று சிரித்தார். நல்ல மனுஷி, ஆறுதலாகத்தான் சொன்னார். மாத்திரை தின்றதும் வாயெல்லாம் இரும்பைக் கடித்த மாதிரி கசந்தது. அன்று மதியம் அந்தக் கசப்போடே கங்கைகொண்டானுக்குப் போனேன், செண்பகத்தை மெட்டே அங்கே கூப்பிட்டிருந்தாள்.

வகுப்பறையில் ஒரு பக்கம் மெட்டே, முகம் வெளுத்து, முன்னால் அந்த விதித் தாள். எதிரே செண்பகம், கஞ்சி போட்ட சேலையில், கையைக் கோத்துக்கொண்டு. நடுவில் நான்.

"கேன் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் எதிலாவது சேர்ந்ததா என்று கேள்" என்றாள் மெட்டே.

கேட்டேன். செண்பகம் என்னை ஒருதரம் பார்த்தாள். "ஆத்தங்கரையில பானக்காரத்துக்கு ஆத்துத் தண்ணி சேத்தோம்னு சொல்லு."

சொன்னேன்.

"விதி அவளிடம் இருந்ததே. யார் அனுமதித்தது?"

இதையும் தமிழில் சொன்னேன். செண்பகம் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னாள், "என் சமையலு. என் பொறுப்புன்னு சொல்லிரு."

அவள் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தால் போதும். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை என்று சத்தியம் பண்ணலாம். கான்டீன் போகும், ஆறு பெண்கள் வேறு வேலை பார்ப்பார்கள், நான் அடுத்த வருடமும் கூட்டத்தோடு ஊருக்கு வருவேன். மெட்டே, "என்ன சொன்னாள்?" என்று இரண்டாம் முறை கேட்டாள்.

"அவள் சொன்னது பொய்" என்றேன். "அவள் கேனைத் திறந்தாள். நான் தடுத்தேன். ஆற்றில் இறங்கியது நான், குடத்தைக் கொண்டுவந்தது நான். சாக்கடை கலக்கிறது என்று அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை. பாதுகாப்பானதா என்று நீ கேட்டபோது உனக்குப் பதில் சொல்லாமல் என் கதையைச் சொன்னேன்."

மெட்டே நாற்காலியில் சாய்ந்தாள். "நான் இரண்டு தம்ளர் குடித்தேன்" என்றாள். கோபத்தை விடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது.

"என்னட்டி சொன்ன இவ்வளவு நேரமா?" என்றாள் செண்பகம்.

"உள்ளதைச் சொன்னேன்."

"உனக்கு எதுக்கு இந்த வேல? நான் சமாளிச்சிருப்பேம்லா" என்று முணுமுணுத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்தது அப்போதுதான்.

மறுநாள் மெட்டே முடிவைச் சொன்னாள். கான்டீன் செண்பகத்துக்கு. எனக்கு வேலை போகவில்லை, ஆனால் இனி இந்தப் பக்கத்துக் கூட்டங்களுக்கு வேறு ஆளை அனுப்புவார்கள். "உன்னால் இந்த இடத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை" என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின மதியம் செண்பகம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். அவள் வீட்டுக்காரரும், காலேஜில் படிக்கும் மகளும், நானும் தரையில் உட்கார்ந்தோம். வயிறு பயந்தபடியே இருந்தாலும் நாக்கு கேட்கவில்லை. கான்டீனுக்கு என்ன பாத்திரம் வாங்க வேண்டும் என்று செண்பகம் பேசிக்கொண்டே பரிமாறினாள். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

மகள் எல்லோருக்கும் குடத்திலிருந்து செம்பில் மொண்டு தண்ணீர் ஊற்றினாள். குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர்தான், அந்த வீட்டில் அப்படியேதான் குடிக்கிறார்கள். என் தம்ளர் பக்கம் வந்ததும் செண்பகம் அவள் கையைத் தடுத்தாள்.

"அத்தைக்கு ஊத்தாத." உள்ளே போய் மூடி போட்ட ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுவந்தாள். "இது உனக்கு. காலைலயே கொதிக்கவச்சு ஆத்திட்டேன்."

"அந்தக் கொடத்துத் தண்ணியவே தாட்டி. நான்தான் மாத்திர தின்னுட்டேம்லா."

"சும்மா கெட. வந்த இடத்துல திரும்பவும் நீ படுத்துக்கிட்டா யாரு பாப்பா?"

அவ்வளவு பிரியமாகச் சொன்னாள். அந்த வீட்டில் எல்லோரும் குடிக்கிற தண்ணீரில் ஒரு மடக்கு எனக்கு வேண்டியிருந்தது. இன்னொரு தரம் கேட்டிருந்தால் ஒருவேளை தந்திருப்பாள். என் பேச்சுக்கு அவள் ஒரு தடவை இடம் கொடுத்தது போதும் என்று தோன்றியது. தம்ளரை எடுத்துக் குடித்தேன். ஆறின வெந்நீர், எந்த ஊர்த் தண்ணீர் என்று சொல்ல முடியாத தண்ணீர்.

"இன்னும் வேணுமாட்டி?" என்றாள்.

"ஊத்து" என்றேன்.